கவான்னா என்ன?

வாங்க கண்ணு, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஆரும் எடுக்க மாட்டாங்க. எங்கூட்டுக்காரரைப் பாக்கறதுக்கா? கோயமுத்தூர்லயிருந்தா, பஸ்ஸுலயா? அட சாமி, இந்த மே மாச வெயில்ல!

அவரு இல்லையே கண்ணு. முந்தாநேத்தே பெங்களூரு போயிட்டாரு. கச்சேரி. கச்சேரின்னு நாஞ் சொன்னா மூஞ்சியச் சுளிப்பாரு, ஷோன்னு சொல்லோணுமாம். உங்களை இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாராக்கும்? சொல்லியிருப்பாரு. சொல்லிப்போட்டு மறந்திருப்பாரு. மனசுல வெச்சுக்கிட்டுப் பண்றவரு இல்லைங்க, அவரு சுபாவமே அப்படி. எங்க நிச்சயத்தன்னிக்கே கிடாருக்குக் கம்பி வாங்க ஈரோடு போயிட்டு, பந்தி முடிஞ்ச பொறகுதான் வந்து சேந்தாரு.

உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா? உன்னைய நீன்னு சொல்லிக்கறேன், ஒண்ணும் நெனச்சுக்காதே, என்ற புள்ளை வயசுதான் இருக்கும் உனக்கு. அது சேலத்துல ஆஸ்டல்ல இருந்து படிக்குது. உன்ற பேரென்ன? மிருதுளாவா. நல்ல பேரு. என்ற பேரு பூங்கோதை.

போன் போட்டுப் பாத்தியா? எடுக்க மாட்டாரு. நானும் காலையில இருந்து பதினோரு தடவை போட்டாச்சு. ஷோவுக்கு முன்னால எல்லாம் சரியா கேக்குதான்னு பாப்பாங்களாமல்ல, அது நடந்துட்டிருக்கும். எனக்கு அவசரம். அஞ்சு மணிக்குள்ள அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டாகோணும். இப்ப மணி என்ன? மூணே காலா. ஈஸ்வரா.

என்ன வார்த்தைன்னா, நான் அங்கன்வாடி டீச்சரு கண்ணு. இந்தக் கோபியிலதான். இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. மூக்கொழுகிட்டு வர்ற புள்ளைகளுக்கு மூக்கைத் தொடைச்சு, ஒண்ணுக்குப் போனதைக் கழுவி விட்டு, முட்டை வேக வெச்சுக் குடுத்து, கை தட்டிப் பாட்டுச் சொல்லிக் குடுத்து. ஒரு நாளைக்கு நூறு தடவை கை தட்டறேன். இப்ப சூப்பர்வைசர் பதவி வந்திருக்குது. தாளவாடியில. சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலை ஏறி, அக்கட்டால போகோணும். தெனமும் போய் வர முடியாது, அங்கயே வீடு புடிச்சுத் தங்கோணும். வர்றேன், வர்லை, ரெண்டுல ஒண்ணை இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல சொல்லிப்போடோணும். சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். போன வருசமும் வந்துச்சு. போன வருசம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துப்போட்டேன்.

ஏன்னா கேக்கற? அதுக்குத்தான் வர்றேன். நீ எந்தப் பாட்டைப் பத்தி எழுத வந்தியோ அந்தப் பாட்டாலதான்.

நீ எழுது, நான் கொறை சொல்றேன்னு எழுதிப்போடாதே. நான் கொறையே சொல்லலை. நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான்.

எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். உங்க ஆளுகளுக்கெல்லாம் சென்னி. இருவது வருசம் ஆர்க்கெஸ்ட்ராவுல கிடாரு வாசிச்சாரு. கல்யாணம், கோயில் நோம்பி, கட்சி மீட்டிங்கு, எல்லாத்துக்கும் போவாரு. திடீர்னு போன வருசத்துக்கு முந்தின ஐப்பசியில வந்து, இனிமேட்டு அடுத்தவன் பாட்டை வாசிக்க மாட்டேன், என்ற பாட்டை நானே பண்ணப்போறேன்னு உக்காந்துட்டாரு. எங்க? இந்த ஆசாரத்துல, முன் கூடத்துல. இதா, நீ உக்காந்திருக்கற எடத்துலதான். செவுரு பூரா என்ற பழைய பொடவையைக் கட்டினாரு. எதிரொலி வரக்கூடாதாம். பட்டுப்பொடவை ரெண்டைக் கூட விடலை. அப்பறம் எதிரொலியை அவரே கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டாரு. அதுக்கு எதுக்கு என்ற பட்டுப்பொடவைன்னு கேட்டேன். அந்த எதிரொலி வேற, இந்த எதிரொலி வேறயாம்.

ஐப்பசியில ஆரம்பிச்சது தை முடிய. நான் பட்ட பாடு இருக்குதே. மைக்கு போட்டா ஃபேனை நிறுத்தோணும். ஃபிரிட்ஜை நிறுத்தோணும், அது ஙொய்னு சத்தம் போடுதாம். நிறுத்திப்போட்டு மறுபடியும் போட மறந்து எத்தனை நாளு பாலு திரிஞ்சு போச்சு தெரியுமா. மிக்ஸி கூடாது. பைப்புல தண்ணி சொட்டுனா அதுக்கடியில துணி போடோணும். குக்கரு விசில் வரக்கூடாது. நான் சென்டர்ல இருந்து வந்து, அம்பது புள்ளைக சத்தத்தைக் கேட்டு மண்டை விண்ணுனு தெறிச்சிட்டிருக்கறப்ப, அரிசியை அடுப்புல வெச்சுட்டு விசில் வர்றதுக்குள்ள ஓடிப் போய் அமத்தோணும். இந்த ஊட்டுல ஒரு பொம்பளை இருக்கறதே மைக்குக்குத் தெரியக்கூடாது, பாத்துக்க.

சத்தம் கூடாதுங்கறாரே, அவரு பண்ணுன சத்தம் கொஞ்சநஞ்சமா? பக்கத்துத் தோட்டத்து மோட்டாரு ஓடறதைப் புடிச்சுட்டு வந்து, அதுக்கு மேல கிடாரை வாசிச்சாரு. பின்வீதிப் பொம்பளைக ஒம்பது பேரை வரச் சொல்லிக் கும்மியடிக்க வெச்சாரு. நல்லாத்தான் அடிச்சாங்க. வந்தவங்களுக்கெல்லாம் நாந்தான் காப்பி போட்டேன். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு இழுத்தாரு பாரு, ஒம்பது பேரும் தண்ணிக்குள்ள முங்கிட்டு அடிக்கறாப்புல ஆயிப்போச்சு. உடுக்கையைத் திருப்பி ஓட விட்டாரு. கடைசியிலிருந்து மொதலுக்கு ஓடுமாம். கேட்டா கொடலைப் பொரட்டுது. எதுக்குங்க இப்படின்னேன். கேக்கறவங்களுக்குத் தலை கிறுகிறுன்னு சுத்தோணும், கண்ணை மூடினா கலர் கலராத் தெரியோணும்னாரு. எனக்கு அது சாயங்காலமானா தானாவே சுத்துதுங்கன்னேன். சிரிச்சாரு.

ஏழு பாட்டையும் ஒண்ணாச் சேத்து ஊதா வெயில்னு பேரு வெச்சாரு. வெயிலு எங்கயாவது ஊதாவா இருக்குமா சாமி? இருந்தாலும் அதைப் பாக்கறதுக்கு மெனக்கெட்டு மாசக்கணக்குல உக்காருவாங்களா? ஆனா எங்கெங்கயோ கேக்கறாங்களாம். ஜெர்மனியில ஒருத்தன் கடுதாசி எழுதியிருந்தான். இந்தக் கோபியில ஒரு ஆளு கேட்டிருந்தா சொல்லு பாப்போம். எங்க மச்சாண்டாரு, இவரோட அண்ணன், கேட்டுட்டு, கேசட்டு சிக்கிக்கிச்சான்னு கேட்டாரு.

நானா? நான் ஒட்டுக்கா, முழுசா, ஒரு பாட்டைக் கூட கேட்டதில்ல கண்ணு. பொய் எதுக்குச் சொல்லோணும். மொதோ மாசம் பூரா துண்டு துண்டா, ஒரே துண்டை எம்பது தடவை, எரநூறு தடவைன்னு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. அப்பறம் அவரு ஹெட்போனை மாட்டிக்கிட்டாரு, தப்பிச்சேன்.

அந்த ஹெட்போன் மாட்டிட்டா அவருக்கு ஒண்ணும் கேக்காது. இடி விழுந்தாலும் கேக்காது, நெசமாலுந்தான் சொல்றேன். கார்த்திகையில ஒரு நாளு அந்த மூலையில தென்னமரத்துல இடி விழுந்துச்சு, இந்த மனுசன் திரும்பியே பாக்கலை. அதனாலதான் நான் அவரு மேல கோவப்படறதில்ல. என்ற அக்கா சொல்லும், நீ பேசறதை அந்த ஆளு காதுலயே போட்டுக்கறதில்லடின்னு. காதுல ஹெட்போன் இருக்குது, நான் பேசறதை எங்க போட்டுக்குவாரு, பாவம்.

சரியா அந்த நேரத்துலதான் அந்த மொதோ ஆர்டரு வந்துச்சு. மார்கழியில. மூணு நாளு டைம் குடுத்தாங்க. மொதோ நாளு சாயங்காலம் போய்க் கேட்டேன். என்னங்க, தாளவாடிக்குப் போட்டிருக்கறாங்க, போகவா இருக்கவா? கண்ணை மூடிட்டுக் கிடாரை வாசிச்சுட்டு இருந்தாரு. செரி, அப்பறம் கேட்டுக்கலாம்னு வந்துட்டேன். ரெண்டாம் நாளு கேட்டேன். ஒரு நிமிசம்னு வெரலைக் காட்டினாரு. அந்த ஒரு நிமிசம் முடியவே இல்ல. மூணாம் நாளு, விடிஞ்சா ஆபீசுல பதில் குடுத்தாகோணும், சோத்தை அடுப்புல வெச்சுட்டு, சமையக்கட்டு வாசப்படியில நின்னு நல்லா சத்தமாவே கேட்டேன். மைக்கு கெடந்தா கெடக்குதுன்னு. போகவா, இருக்கவா, சொல்லுங்க! கையைத் தூக்கினாரு. கம்முனு இருங்கற மாதிரி இப்படி. ஹெட்போன் மாட்டியிருந்தாரு, என்ற வாயசையறது தெரிஞ்சிருக்கும், என்ன சொல்றேன்னு தெரிஞ்சிருக்காது. நான் கம்முனு இருந்துட்டேன். அடுத்த நாளு ஆபீசுக்குப் போய், எனக்கு இப்போதைக்குப் பதவி உயர்வு வேண்டாம், குடும்ப சூழ்நிலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

போறதா இருந்தா நானே போயிருக்கலாமல்லன்னு கேக்கறியா. போலாம். ஆரு தடுத்தா? அவரு ஒரு வார்த்தை போன்னு சொன்னா போயிருப்பேன். இருன்னு சொன்னா, இருக்கச் சொன்னாரேன்னு சந்தோசமா இருந்திருப்பேன். ரெண்டும் இல்லாம எப்படி ஒரு பொம்பளை மூட்டை கட்டறது, நீயே சொல்லு. எனக்கொண்ணும் பதவி ஆசையெல்லாம் இல்ல. ஜீப்பு வரும், அறுவத்தஞ்சு சென்டருக்கு நாந்தான் பொறுப்பு, டேபிளு சேரு தனியா. அதெல்லாம் எனக்கு எதுக்கு. அங்க சாயங்காலமானா குளிருமாம். கம்பளி போத்திட்டுத்தான் டீ குடிப்பாங்களாம். ஒருத்தி சொன்னா.

மோரு இன்னொரு டம்ளரு ஊத்தவா? குடி, வெயிலுக்கு நல்லது.

ஆமா, நீ என்னமோ கேக்கறதுக்குன்னு வந்தியே. ஏழாவது பாட்டா, அந்தக் கவாவா? அப்படிக் கேளு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கவான்னா என்ன? எனக்குத் தெரியாது கண்ணு. ஜப்பான் பாசையில தண்ணி ஓடற ஆறுன்னு அர்த்தமா? அரபு நாட்டுல காப்பித்தண்ணியா? உங்க ஆளுக இதுக்குன்னு உக்காந்து அடிச்சுக்கறாங்களா? நல்லா அடிச்சுக்கிட்டாங்க போ. நான் அவருகிட்டக் கேட்டதுக்கு, கவான்னா கவாதான்னு போயிட்டாரு.

அந்தப் பாட்டைப் பத்தி எனக்கு ஒரே ஒரு வருத்தம் இருக்குது. சொல்லலாமான்னு தெரியலை. எழுதிப்போட மாட்டியே? அதுல ஒரு பொம்பளை கொரலு வருதல்ல. கவா, கவான்னு. அது ஆரு? வெளிய வந்த பொறகு எல்லாரும் அந்தக் கொரலைத்தான் பேசறாங்க. எவனோ எழுதியிருக்கறான், இந்தக் குரலைக் கேட்டா எனக்கு அழுகாச்சி வருது, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மலையில இருந்து எறங்கி வந்த தெய்வம்னு. பேரு மட்டும் எங்கயும் போடலை. போடலைன்னா என்ன அர்த்தம்? மறைக்கறாருன்னுதான அர்த்தம்.

மார்கழியில நந்திதான்னு ஒரு புள்ளை வயலின் வாசிக்கறதுக்கு வந்துச்சு. உங்க ஊருதான். ரெண்டு ஞாயித்துக்கெழமை. நல்ல புள்ளை, நான் தப்பாச் சொல்லலை. அக்கா அக்கான்னு பின்னாலயே வந்து, என்ற கைச்சோத்தைத் தின்னுட்டு, பாத்திரத்தைக் கூட கழுவி வெச்சுட்டுப் போச்சு. ஆனா அது வந்துட்டுப் போன பொறகுதான் இந்தப் பாட்டு வந்துச்சு. நான் வாயைத் தொறந்து நேராவே கேட்டுப்போட்டேன். ஏனுங்க, அந்தக் கொரலு ஆருது? என்ற மூஞ்சியையே பாத்துட்டு, உனக்குத் தெரிஞ்சவங்கதான்னாரு. போதாதா? எனக்குத் தெரிஞ்சு வேற ஆரு இங்க வந்தா?

நாலு மாசம் இந்த ஊட்டுல ஃபேன் இல்லாம வெந்தது நான். பாலு திரிஞ்சது எனக்கு. சத்தமில்லாம சமைச்சது நான். அழுகாச்சி வர்றதோ அவ கொரலைக் கேட்டு. என்னைய வெச்சு ஒரு பாட்டு, ஒரு வரி, ஒரே ஒரு வார்த்தை எழுதியிருப்பாரா? கல்யாணமாகி இருவத்தி மூணு வருசம். மோட்டாருக்குப் பாட்டு இருக்குது, தென்னமரத்துக்குப் பாட்டு இருக்குது. போகுது விடு.

அந்தப் பாட்டை நான் பாதிதான் கேட்டேன். கொரலு வந்ததும் நிறுத்திப்போட்டேன், வயித்தெரிச்சல்.

என்னது, கடைசியில இன்னும் ஒரு பகுதி இருக்குதா? பாட்டு முடிஞ்சு எல்லாம் அமைதியான பொறகு? அதுல அவ என்னமோ முழுசாப் பேசறாளா? எந்த பாசைன்னே ஆருக்கும் புரியலையா. அப்படியா சங்கதி. எங்க, உன்ற போனுல இருக்குதா? போடு. கேக்கறேன். இன்னைக்கு ஆருன்னு கண்டுபுடிச்சுப்போடறேன்.

ம். ம்ம். அட, என்ன கண்ணு இது, ரப்பரை இழுத்த மாதிரி இழுத்து வெச்சிருக்கறாரு. பின்னால என்னமோ ஊஊன்னு கப்பல் சங்கு ஊதற மாதிரி. அது திமிங்கலம்னு சொல்றாங்களா? கோபியில ஏது திமிங்கலம்? இப்படி இழுத்தா ஆரு கொரலுன்னு எப்படித் தெரியும். இரு, எனக்கு ஒரு வழி தெரியும்.

எங்க ஆபீசு மேடம் வாட்ஸப்புல வாய்ஸ் போடுவாங்க, ஏழு நிமிசம், எட்டு நிமிசம். முட்டைக் கணக்கு, எடைக் கணக்கு, போட்டோ ஏன் அனுப்பலைன்னு. அதை ஆரு பொறுமையா உக்காந்து கேக்கறது? அதுல ரெண்டுன்னு ஒண்ணு இருக்குதல்ல, அதைத் தொட்டா வேகமா ஓடும். நாங்க டீச்சரு எல்லாரும் அப்படித்தான் கேப்போம். நீ உன்ற போனுல அந்தக் கடைசித் துண்டை ஓட விடு, நான் என்ற போனுல வாய்ஸாப் புடிச்சுக்கறேன். ஆபீசு குரூப்புல போயிரப் போகுது. இரு, என்ற புள்ளைக்கு அனுப்பற மாதிரி போட்டுக்கறேன். அது அப்பறம் என்னம்மான்னு கேக்கும், கேக்கட்டும். ஓட விடு.

ஆச்சு. இப்ப ரெண்டைத் தொடறேன். நந்திதா கொரலு எனக்கு நல்லாத் தெரியும், பாரு இப்ப.

இரு.

இன்னொருக்கா போடறேன்.

இது குக்கரு. கண்ணு, இது திமிங்கலமும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கூட்டு குக்கரு. அதா அந்த மேடையில இருக்குது பாரு, அஞ்சு லிட்டரு. அதுக்கு விசில் இப்படித்தான் மொதல்ல கீச்சுனு வந்து அப்பறம் சத்தமா வரும். கேஸ்கட்டு மாத்தோணும்னு ரெண்டு வருசமா சொல்லிட்டிருக்கறேன்.

அப்ப பேசறது.

நீயும் கேட்டியல்ல? உனக்கும் அப்படித்தான கேட்டுச்சு? போகவா, இருக்கவா, சொல்லுங்க. போகவா, இருக்கவா. போவை வெட்டிட்டாரு, இருவை வெட்டிட்டாரு. வெட்டுனா ரெண்டுலயும் கவாதான் மிச்சம். கவா, கவா.

நாந்தான் கண்ணு. அது நாந்தான்.

தண்ணி வேண்டாம். நீ உக்காரு. நான் நல்லாத்தான் இருக்கறேன். ஜப்பான் பாசைன்னு அடிச்சுக்கறவங்ககிட்டச் சொல்லு, ஆறும் இல்ல கொளமும் இல்லைன்னு.

அந்தப் புள்ளை நந்திதாவை வாய்க்கு வந்தபடி மனசுக்குள்ள திட்டினேன். பாவம், பாத்திரம் கழுவி வெச்சுட்டுப் போச்சு.

சிரிக்கற. சந்தோசமான சங்கதின்னு சொல்ற. உங்களை வெச்சுத்தானுங்க அக்கா கடைசிப் பாட்டே, எல்லாருமே உங்க கொரலைக் கேட்டுத்தான் அழுகறாங்க, அவருக்கு உங்க மேல அவ்வளவு பிரியம்னு சொல்ற. இருக்கும் கண்ணு. பிரியம் இல்லைன்னு நான் எப்பவுமே சொன்னதில்ல. இல்லாமலா இத்தனை அழகாப் பண்ணியிருப்பாரு. என்ற கொரலு இவ்வளவு நல்லாருக்கும்னு எனக்கே தெரியாது. நான் புள்ளைகளைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போன ஆளு.

ஆனா நீ ஒண்ணை ரோசனை பண்ணிப் பாரு. மைக்கு தொறந்து இருந்திருக்குது. ஹெட்போனு காதுல இருந்திருக்குது. மைக்குல போறது அந்த ஹெட்போனுக்குத்தான வரும்? நீ பாட்டைப் பத்தி எழுதறவ, நீ சொல்லு. வரும்தான. அப்ப அன்னைக்கு இந்த ஊட்டுல நான் கேட்டது அவரு காதுக்குள்ளதான் நேராப் போயிருக்குது. வாசப்படியில நின்னு கேட்ட எனக்குக் கேட்டதை விட அவருக்கு நல்லாக் கேட்டிருக்குது.

நான் ஒன்றரை வருசமா, பாவம் அவருக்குக் கேக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். என்ற அக்காகிட்ட சண்டை போட்டிருக்கறேன் அவருக்கோசரம்.

கேட்டிருக்குது. கேட்டு, தனியா எடுத்து, போவை வெட்டி, இருவை வெட்டி, இழுத்து, எதிரொலி போட்டு, தை முடிய மறுபடி மறுபடி கேட்டிருக்கறாரு. ஒரு துண்டை எரநூறு தடவை கேப்பாருன்னு சொன்னேனல்ல. எரநூறு தடவை நான் அவருகிட்டக் கேட்டிருக்கறேன் கண்ணு, போகவா இருக்கவான்னு. நான் அக்கட்டால சமையக்கட்டுல நிக்கறேன். பத்தடி. ஹெட்போனைக் கழட்டிட்டு, அடியே போ, இல்லாட்டி இரு, ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருக்கலாமல்ல? பாட்டுப் போட்டா ஆச்சா? ஜெர்மனிக்காரனுக்குப் பதில் எழுதறாரு, எனக்கு ஒரு பதில் இல்லையே.

அவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்திருக்கும்னு சொல்றியா. இருக்கும். அதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியலை பூங்கோதைன்னு சொன்னா நான் அடிக்கவா போறேன்?

வேண்டாம் கண்ணு, அழுகாதே. நானே அழுகலை, நீ எதுக்கு அழுகற. அழுகறதுக்கும் ஒரு தெம்பு வேணுமல்ல.

போனு. என்ற போனா? அவருதான். பாரு, இப்ப வருது. பன்னண்டாவது தடவைக்கு அவரே போடறாரு. கம்முனு இரு, நான் ஸ்பீக்கர்ல போடறேன்.

சொல்லுங்க. ம். வந்திருக்குதுங்க, கோயமுத்தூர்ல இருந்து ஒரு புள்ளை, இங்கதான் உக்காந்திருக்குது. மோரு குடுத்தேனுங்க. மறந்துட்டீங்கன்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்கலை. கவா பத்திக் கேட்டா ஒண்ணும் சொல்ல வேண்டாமா? அது ரகசியமா? செரிங்க. கடைசிப் பாட்டா அதைத்தான் பாடப் போறீங்களா. நல்லாப் பாடுங்க. சாப்புட்டீங்களா? சாப்புட்டுட்டு ஏறுங்க மேடைக்கு.

என்னங்க? ஆமாங்க, காலையில இருந்து நாந்தான் போட்டேன். பதினோரு தடவை. எதுக்கா?

ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான். வெச்சுடட்டுங்களா.

ஏன் அப்படிப் பாக்கற? நீதான் பக்கத்துல இருந்து கேட்டியல்ல, எதுக்குன்னு அவரே கேட்டாரு. கேட்டாருதான். நான் இல்லைங்கலை. இனிமேட்டு அவருகிட்டக் கேக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை கண்ணு.

மணி என்ன? நாலு நாப்பதா. இன்னும் டைம் இருக்குது. அந்த மேசை மேல கண்ணாடி இருக்கும், எடு. மேடம் நம்பரு இதுலதான் எங்கயோ. இதா. போயிட்டிருக்குது.

மேடம், வணக்கமுங், கோபி பூங்கோதை பேசறேனுங். அந்த தாளவாடி சங்கதியா கூப்புட்டேனுங். வர்றேனுங் மேடம். ஆமாங், முடிவாத்தான் சொல்றேனுங், பேரைப் போட்டுக்கங்க. இல்லைங், போன வருசமாட்ட எழுதிக் குடுக்க மாட்டேனுங். ஊட்டுலயா? கேட்டாச்சுங் மேடம். போன வருசமே கேட்டாச்சுங். ஒண்ணாந்தேதி மொதோ பஸ்ஸுக்கே வந்து சேந்துக்கறேனுங்.